மூளைக்காயத்திலிருந்து தேறிவரும்போது உடற்பயிற்சியைத் திரும்பத் தொடங்கலாமா?

கேட்டிருப்பவர் முள்ளியவளையைச் சேர்ந்த கரப்பந்தாட்டக்காரர். விபத்தில் தலையில் அடிபட்டு, இரத்தக்கசிவுக்குச் சிகிச்சை பெற்று ஆறு மாதமாகிறதாம். சிறிது தூரம் நடந்தாலே தலையிடிக்கிறது, வீட்டில் படுத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் எவ்வளவு செய்யலாம் என்பதை அன்றைய உற்சாகத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். மறுநாள் காலை எழும்பும்போது தலை எப்படி இருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். ஏ-9 வீதியில் இரவில் மாடு குறுக்கே வந்து, மோட்டார் சைக்கிளோடு விழுந்து, இதே காயத்தோடு கிடந்து எழும்பியவன் நான். என்னைத் தேற்றியது இந்த ஒரு வழக்கம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் கிளினிக்கில் கேளுங்கள். மண்டையோட்டு எலும்பில் ஒரு பகுதியை அகற்றியிருந்தால், அது திரும்ப வைக்கப்படும் வரை விழக்கூடிய எந்தப் பயிற்சியும் கூடாது. வலிப்பு வந்ததா என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்தில் 2009 இன் எறிகணைச் சிதறலை இன்னும் தலைக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்டையைத் துளைத்த காயத்தில் வலிப்புக்கான வாய்ப்பு அதிகம். ஆண்டுகள் கழித்தும் வரலாம். வைத்தியர் அனுமதிக்கும் வரை குளத்தில் நீந்தவும், துணையின்றிக் கிணற்றடியில் குளிக்கவும் வேண்டாம்.

வீட்டாரின் பயம் எனக்கு விளங்குகிறது. என் அம்மாவும் அப்படித்தான், படலையைத் தாண்ட விடமாட்டார். ஆனால் இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்கும் முறை பழையதாகிவிட்டது. மெல்லிய மூளை அதிர்ச்சிக்கு இப்போது 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு மெதுவான நடை என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பஃபலோவில் ஜோன் லெடி குழுவினர் விளையாட்டில் அடிபட்ட பதின்ம வயதினரிடம் ஓர் ஆய்வு செய்து 2019 இல் வெளியிட்டார்கள். அளவான நடை, சைக்கிள் பயிற்சி செய்தவர்களில் பாதிப்பேர் தேற 13 நாள் எடுத்தது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள். உங்களுடையது அதைவிடப் பெரிய காயம், ஆகவே அந்த நாட்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் அசைவு மூளைக்குப் பகையல்ல என்பதை உங்கள் வீட்டாரிடம் சொல்ல இது உதவும்.

அடிபட்ட பிறகு இதயத்துடிப்பையும் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் சீராக வைத்திருக்கும் ஒழுங்கு குழம்பிவிடுகிறது. அதனால் துடிப்பு ஒரு மட்டத்தைத் தாண்டியதும் தலையிடியும் தலைச்சுற்றும் வருகின்றன. அந்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்று பழகப் பழக அது மேலே போகும். நடப்பதற்கு முன் உங்கள் தலையிடிக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி கொடுங்கள். நடக்கும்போது அந்தப் புள்ளியைவிட 2 புள்ளிக்கு மேல் கூடினால் நிறுத்துங்கள். அதற்குள் ஏறி ஒரு மணி நேரத்தில் தணிந்தால் பயமில்லை. இதுவும் மெல்லிய காயத்துக்கு வகுத்த அளவு என்பதால், உங்களுக்கு எது சரி என்று இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மறதி இந்தக் காயத்தோடு வருவது, எழுத்துதான் சாட்சி.

எங்கே நடப்பது? வளவுக்குள் தொடங்கி, பிறகு குளக்கட்டு. இரணைமடுக் கட்டில் விடியற்காலையில் காற்றும் உண்டு, வாகனச் சத்தமும் குறைவு. வெயில் ஏறிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வன்னி வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்புக்கு வரும் தலையிடியும் காயத்தின் தலையிடியும் ஒன்றாகக் கலந்துவிடும். வயல் வரம்பில் நடப்பதைக் கடைசிக்கு வையுங்கள். அது சமநிலைக்கான கடினமான பயிற்சி, துணைக்கு ஒருவர் வேண்டும்.

வயல் வேலையையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும். கிணற்றில் வாளி இழுப்பதும் நெல்மூட்டை தூக்குவதும் மூச்சை அடக்கித் தம் பிடிக்க வைப்பவை. தம் பிடிக்கும்போது தலைக்குள் அழுத்தம் கூடுகிறது. நடையில் தேறாமல் அவற்றில் கை வைக்காதீர்கள். “வேலைக்கு வரமாட்டான், குளக்கட்டில் மட்டும் நடப்பான்” என்று ஊரில் பேசுவார்கள். வெளியே காயம் தெரியாததால் வரும் பேச்சு அது. எனக்கு மிகவும் வலித்தது அதுதான், நடையை விட்டுவிடலாமா என்றுகூட நினைக்க வைத்தது. உங்களுக்கும் அது நடந்தால் தயவுசெய்து நடப்பதை நிறுத்தாதீர்கள்.

சத்தமும் கூட்டமும்கூட மூளைக்கு வேலைதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த மறுநாள் பயிற்சி வேண்டாம், நன்றாக நித்திரை கொள்ளுங்கள்.

கரப்பந்தாட்டத்துக்கு அவசரம் வேண்டாம். நடை, பிறகு மெதுவோட்டம், பிறகு ஒரு நண்பரோடு நின்ற இடத்தில் பந்தை ஏந்தி அனுப்புவது. அண்ணாந்து பந்தைப் பார்க்கும்போது தலை சுற்றுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். சுற்றினால் இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கென்றே கண்ணுக்கும் கழுத்துக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. பாய்ந்து அடிப்பதும் வலையோரம் மோதுவதும் வைத்தியர் சம்மதித்த பிறகுதான். நடுவில் வாந்தியோ, கூடிக்கொண்டே போகும் தலையிடியோ, கை கால் பலவீனமோ வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.