அட்டைக்கூட்டுக்குள் கல்யாண கேக்

கேள்வி: போர் நடக்கும்போது அன்றாடங்காய்ச்சிகளின் காதலும் கல்யாணமும் எப்படி இருந்திருக்கும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனின் கிழக்குப் பகுதியைச் சொல்கிறேன். துறைமுகக் கூலிகளும் தையல் வேலைக்குப் போகும் பெண்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய ஜெர்மன் குண்டுவீச்சு, கிட்டத்தட்ட தொடர்ந்து 57 இரவுகள் ஓயவில்லை. குண்டுக்குத் தப்ப ஜனங்கள் சுரங்க ரயில் நிலையங்களில் தங்குவதை அரசு முதலில் விரும்பவில்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போய் அங்கேயே படுத்துவிட்டார்கள். அரசு இறங்கிவந்தது. அந்தப் பகுதியிலிருந்த பெத்னல் கிரீன் நிலையத்தில் படுக்கைகளோடு நூலகமும் வந்தது. அதே நிலையத்துப் படிக்கட்டில்தான் 1943 மார்ச் 3 இரவு நெரிசலில் 173 பேர் செத்தார்கள். அதை விட்டுவிட்டு அக்கம்பக்கத்து ஒற்றுமையை மட்டும் பேச எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். துணி வாங்க ரேஷன் கூப்பன் வேண்டும். அதனால் ஒரே மணப்பெண் கவுன் அக்கா, தங்கை, பக்கத்துவீட்டுப் பெண் என்று கைமாறும். கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு பூசத் தடை. வெள்ளை அட்டையில் அடுக்குக் கேக் போல ஒரு கூடு செய்து வைப்பார்கள். தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு கேக். அதற்கும் உறவும் தெருவும் தங்கள் ரேஷனில் மிச்சம் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். ஒரு பிடி உலர்திராட்சைகூட அன்றைக்குப் பெரிய மொய் அம்மா!

அவசரத்தில் கட்டிய தாலிகள் எல்லாம் நிலைக்கவில்லை. 1947இல் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 60,000 விவாகரத்துகள். பிறகு பல குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே குளியலறையோடு புதுவீடு கிடைத்தது. அடுத்த தெருவில் இருந்த அம்மாவைப் பார்க்க மட்டும் இனி பஸ் ஏற வேண்டும்.