கைபேசி கேள்வி–பதில்: தொட்டதையெல்லாம் வாசிக்கும் போன்

கேள்வி: அப்பாவின் ஆண்ட்ராய்டு போன் நேற்றிலிருந்து தொட்டதையெல்லாம் சத்தமாகச் சொல்கிறது. எதைத் தொட்டாலும் சுற்றி ஒரு கட்டம் விழுகிறதே தவிர, திறப்பதில்லை. திரையைத் தள்ளவும் முடியவில்லை. ரீசெட் செய்துவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ரீசெட் வேண்டவே வேண்டாம், போட்டோக்கள் போய்விடும். போனில் கோளாறு எதுவும் இல்லை. பார்வையற்றவர்களுக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் ‘டாக்பேக்’ வசதி தவறுதலாக ஆன் ஆகியிருக்கிறது. சத்தத்தைக் கூட்டும், குறைக்கும் இரண்டு பட்டன்களையும் சேர்த்து 3 விநாடி அழுத்தினால் பல போன்களில் இது ஆன் ஆகிவிடும். சட்டைப் பையில் நெருக்குண்டாலும், கவர் இறுக்கமாக இருந்தாலும் போதும். நிறுத்துவதற்கும் முதலில் அதையே செய்து பாருங்கள்.

நிற்கவில்லை என்றால் செட்டிங்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். டாக்பேக் ஓடும்போது விரல் கணக்கே வேறு. ஒரு தட்டு என்றால் ‘இது என்ன?’ என்று கேட்பது. வேகமாக இரண்டு தட்டு என்றால் திறப்பது. அந்த இரண்டு தட்டும் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதில்லை. கட்டம் எதன்மேல் நிற்கிறதோ அது திறக்கும். திரையைத் தள்ள இரண்டு விரல்களைச் சேர்த்து வையுங்கள். பூட்டைத் திறக்கவும் இரண்டு விரலால் மேலே தள்ளி, ‘பின்’ (PIN) நம்பரின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தட்டு, பிறகு இரண்டு தட்டு. செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, டாக்பேக் என்று போய் அணையுங்கள். கடைசியில் ‘நிறுத்தவா?’ என்று ஒரு பெட்டி வரும். பலர் தடுமாறுவது இங்கேதான்: பதற்றத்தில் மூன்று தட்டையும் ஒரே மூச்சில் தட்டிவிடுகிறார்கள். ஒரு தட்டு, கட்டம் வந்ததா என்று பாருங்கள், பிறகு இரண்டு.

அணைத்த கையோடு அதே பக்கத்தில் ‘டாக்பேக் ஷார்ட்கட்’டையும் (அந்த இரண்டு பட்டன் குறுக்குவழி) எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமும் இதே கதைதான்.

கேள்வி: அம்மாவுக்குப் பார்வை மங்கல். வாட்ஸ்அப் செய்திகளைப் போனே படிக்க வேண்டும். ஆனால் ஆங்கிலத்தைப் படித்துவிட்டுத் தமிழைத் தாண்டிப் போகிறது. தனியாக ஆப் வாங்க வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். போனில் தமிழ்க் குரல் இல்லாததுதான் காரணம். ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, விட்டுவிடும். ஆக்சஸிபிலிட்டிக்குள் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ திறந்து, எஞ்சினாக, அதாவது எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளாக, கூகுளுடையதைத் தேர்ந்தெடுங்கள் (சாம்சங் போன்களில் சாம்சங்கின் சொந்த எஞ்சின் இருக்கலாம்). பக்கத்திலுள்ள பற்சக்கரத்தைத் தொட்டு, ‘இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா’வில் தமிழை இறக்குங்கள். வேகத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

ஓரளவு கண் தெரிகிறவருக்கு டாக்பேக் தொல்லைதான். ‘செலக்ட் டு ஸ்பீக்’ போதும்: அதன் சின்னத்தைத் தொட்டு, பிறகு செய்தியைத் தொட்டால் அதை மட்டும் படிக்கும். ஐபோன் என்றால் ஐஓஎஸ் 16 முதல் தமிழ்க் குரல் உண்டு. ‘ஸ்பீக் ஸ்க்ரீன்’ ஆன் செய்து, இரண்டு விரல்களால் திரையின் உச்சியிலிருந்து கீழே இழுத்தால் படிக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் பேரப்பிள்ளைகளின் செய்தி மட்டும் எந்தக் குரலிலும் கொடுமையாகத்தான் கேட்கும்.

யாரோ அனுப்பிய ‘வாசிக்கும் ஆப்’பை ஏற்றி ஆக்சஸிபிலிட்டி அனுமதி கொடுத்துவிடாதீர்கள். அந்த அனுமதி பெற்ற ஆப் திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் செய்யும். பணமோசடிக்காரர்கள் கேட்பதும் அதையேதான்.

கேள்வி: கை நடுக்கத்தால் ஐபேடில் ஒரு தட்டு இரண்டாக விழுகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆக்சஸிபிலிட்டி, டச், ‘டச் அகாமடேஷன்ஸ்’. அதில் ‘இக்னோர் ரிபீட்’ ஆன் செய்தால் அடுத்தடுத்து விழும் தட்டுகள் ஒன்றாகவே கணக்காகும். விரல் தற்செயலாகப் படுவதும் தொல்லை என்றால் ‘ஹோல்ட் டியூரேஷன்’ வையுங்கள். குறைந்த நேரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் ஒரு விநாடி வைத்தால் ஐபேட் உறைந்துவிட்டதோ என்று தோன்றும்.