லைன் நுனி எங்கே நிற்கிறது? குறைமாதக் குழந்தைகளின் சென்ட்ரல் லைன்: கேள்வி பதில்

சென்ட்ரல் லைன் என்பது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைவரை செலுத்தும் மெல்லிய குழாய். அதைப் பற்றிச் சென்னை என்.ஐ.சி.யூ.க்களில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்) வேலை பார்ப்பவர்களும் ஒரு தாயும் அனுப்பிய கேள்விகளுக்குப் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

முதுநிலை மாணவர், எழும்பூர்: 900 கிராம் குழந்தைக்குத் தொப்புள் சிரை லைன் போட்டேன் சார். ஃபார்முலாப்படிதான் போட்டேன், ஆனால் எக்ஸ்ரேயில் நுனி கல்லீரல் நிழலுக்குள் நிற்கிறது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் தள்ளலாமா?

வேண்டாம். ஸ்டெரைல் துணியை எடுத்தபின் வெளியே கிடந்த குழாயைத் தள்ளினால் கிருமியையும் சேர்த்தே தள்ளுகிறீர்கள். வெளியே இழுக்கலாம், உள்ளே தள்ளக் கூடாது.

கிலோவில் எடையை 3ஆல் பெருக்கி, 9 கூட்டி, பாதியாக்கி, 1 கூட்டினால் உங்கள் குழந்தைக்கு 6.85 செ.மீ. வரும். வயிற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்புள் கொடியின் நீளத்தை இதோடு சேர்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது அதைத்தான். சேர்த்தாலும் உத்தேசக் கணக்குதான். குழாய் டக்டஸ் வீனோசஸுக்குள் (தொப்புள் சிரையைக் கீழ்ப் பெருஞ்சிரையோடு இணைக்கும் குறுக்குவழிக்குள்) நுழையாமல் கல்லீரலின் போர்ட்டல் சிரைப் பக்கம் திரும்பிவிட்டால், எத்தனை செ.மீ. விட்டாலும் இதயப் பக்கம் வராது. நுனி நிற்க வேண்டிய இடம் உதரவிதானத்துக்குச் சற்று மேல், கீழ்ப் பெருஞ்சிரை வலது ஏட்ரியத்தில் (இதயத்தின் வலது மேலறையில்) சேரும் இடம்.

கல்லீரலுக்குள் நிற்கும் லைனில் டிபிஎன் (சிரை வழியாகத் தரும் முழு ஊட்டத் திரவம்), கால்சியம், அடர் டெக்ஸ்ட்ரோஸ் எதையும் ஓட்டாதீர்கள். அது திசுவுக்குள் கசிந்து தேங்கும். வயிறு உப்பி பிரஷர் இறங்கும்போது எல்லாரும் குடல் அழற்சி என்றே நினைப்பார்கள். கல்லீரலை அல்ட்ராசவுண்டில் ஒரு முறை பாருங்கள். அவசரத்துக்கு வேறு வழி இல்லையென்றால், உள்ளே 3 முதல் 5 செ.மீ. மட்டும் இருக்கும்படி பின்னிழுத்து, ரத்தம் தடையின்றித் திரும்பி வருகிறதா என்று பார்த்து, வேறு லைன் கிடைக்கும்வரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செவிலியர், குரோம்பேட்டை: காலையில் எக்ஸ்ரேயில் பிக் லைன் (கை அல்லது கால் சிரை வழியாகப் போடும் சென்ட்ரல் லைன்) சரியாக இருந்தது. மாலையில் எடுத்தால் இதயத்துக்குள் இருக்கிறது. டேப் அசையவே இல்லை டாக்டர்.

டேப் அசையவில்லை சிஸ்டர், கை அசைந்திருக்கிறது. பேசிலிக் சிரை (கையின் உட்பக்கச் சிரை) வழியாகப் போட்ட லைனில், கையை உடம்போடு ஒட்டினாலோ முழங்கையை மடக்கினாலோ நுனி உள்ளே போகும். செஃபாலிக் (கையின் வெளிப்பக்கச் சிரை) வழியாகப் போட்டிருந்தால், கையை ஒட்டும்போது நுனி இதயத்தைவிட்டு வெளிப்பக்கம் வரும். ஆகவே எந்தச் சிரை என்பதை நோட்டில் எழுதுங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது, குழந்தை வழக்கமாகக் கை வைத்திருக்கும் நிலையிலேயே எடுங்கள். விறைப்பாக நீட்டிவைத்து எடுத்த படத்தை நம்ப முடியாது.

டியூட்டி டாக்டர், வேளச்சேரி: லைன் போட்டு மூன்றாம் நாள். நன்றாக இருந்த குழந்தைக்கு இரவில் திடீரென பிராடிகார்டியா (இதயத் துடிப்பு மிகக் குறைவது), பிரஷர் இல்லை. சிபிஆர், அட்ரினலின் எதற்கும் அசையவில்லை. முதலில் எதைச் சந்தேகிப்பது?

சென்ட்ரல் லைன் இருக்கும் குழந்தை இப்படி விழுந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை இதய உறையில் திரவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நுனி ஏட்ரியச் சுவரில் உரசிக்கொண்டு நிற்கும். அடர் திரவம் அந்த இடத்தையே அரித்துக் கசியும். சுவரில் ஓட்டை விழ வேண்டும் என்றில்லை. அதனால்தான் "லைன் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று ஏமாறுகிறோம்.

ஓடும் திரவத்தை உடனே நிறுத்துங்கள். அதே லைனிலிருந்து உறிஞ்சிப் பாருங்கள். நெஞ்சில் டார்ச் வைத்து நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்றுத் தேங்குவது) இல்லை என்று உறுதி செய்யுங்கள். எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். 22 அல்லது 24 கேஜ் கேனுலா, த்ரீவே (மூவழி அடைப்பான்), 10 மில்லி சிரிஞ்ச் எடுங்கள். ஜிஃபாய்டுக்கு (மார்பெலும்பின் கீழ்நுனிக்கு) சற்றுக் கீழே குத்தி, தோலிலிருந்து 30 முதல் 45 டிகிரி சாய்வில் இடது தோளை நோக்கி, உறிஞ்சியபடியே மெல்லச் செலுத்துங்கள். சில மில்லி வெளியே வந்ததுமே நாடி திரும்புவதுண்டு. லிப்பிட் (கொழுப்புத் திரவம்) ஓடியிருந்தால் பால்போல வரும். வந்த திரவத்தில் சர்க்கரை பாருங்கள்; டிபிஎன் என்றால் அளவு எகிறியிருக்கும்.

முன்கூட்டியே தடுக்க, எக்ஸ்ரேயில் நுனி இதய நிழலுக்கு வெளியே குறைமாதத்தில் 1 செ.மீ.யாவது தள்ளி நிற்கட்டும்.

செவிலியர், கீழ்ப்பாக்கம்: இன்குபேட்டர் ஈரத்தில் டிரெசிங் தூக்கிக்கொள்கிறது. தினமும் மாற்றலாமா?

தினமும் வேண்டாம். ஓரம் தூக்கினால், நனைந்தால், ரத்தம் படிந்தால் மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் லைன் நகரும் ஆபத்து உண்டு. உள்ளே தெரிகிற ஒட்டுப்படலமே போதும். வெளியே தெரியும் செ.மீ. குறியை ஷிஃப்ட்டுக்கு ஒரு முறை எழுதுங்கள்.

தோல் சுத்தம் செய்வதில் கவனம். 1 கிலோவுக்குக் குறைந்த குழந்தையில் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் முதுகுக்கடியில் தேங்கினால் தோல் வெந்துபோகும். பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, வேலை முடிந்ததும் ஸ்டெரைல் சலைனால் துடைத்து, நனைந்த துணியை அகற்றிவிடுங்கள். கிருமி பெரும்பாலும் நுழைவது ஹப் (லைனில் சிரிஞ்சை இணைக்கும் வாய்) வழியாக: ஒவ்வொரு முறையும் 15 விநாடி தேய்த்து, காயவிட்டுத் திறங்கள்.

தாய், பெரம்பூர்: லைனில் கிருமி என்று எடுத்துவிட்டார்கள் டாக்டர். மறுபடி போடுவார்களாம். ஏற்கெனவே இருந்ததையே மருந்து கொடுத்து வைத்திருக்கக் கூடாதா?

எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது அம்மா. தோலில் சாதாரணமாக வாழும் வகை என்றால் சில சமயம் மருந்தோடு வைத்துப் பார்ப்பதுண்டு. கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகடிவ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், காண்டிடா பூஞ்சை என்றால் குழாயின் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து அங்கே போய்ச் சேராது, எடுத்தே ஆக வேண்டும். அதனால் அவர்கள் செய்தது சரிதான். பால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 120 மில்லியை நெருங்கினால் புது லைனே தேவைப்படாமல் போகலாம்.

செவிலியர், போரூர்: எடுக்கும்போது பிக் லைன் வரமாட்டேன் என்கிறது. இழுத்தால் நீள்கிறது.

நிறுத்துங்கள், அறுந்துவிடும். சிரை சுருங்கிப் பிடித்திருக்கிறது. வெதுவெதுப்பான ஒத்தடம் வைத்து, அரை மணி விட்டு, தோலுக்கு அருகில் பிடித்து ஒரு செ.மீ., ஒரு செ.மீ.யாக முயலுங்கள். வராவிட்டால் சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். வந்ததும் நீளத்தை அளந்து, போட்டபோது எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் உடனே எக்ஸ்ரே.