திருநங்கை ஒருவர் குரூப் டூரில் தனியாகச் சேர்ந்து போகலாமா? எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்?

தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பும் 3 நாள் கொடைக்கானல் பஸ் டூரில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதாரில் இன்னும் பழைய பெயர், கூட வரத் தோழிகள் யாரும் இல்லை, ரூமையும் பாத்ரூமையும் நினைத்தால் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் பேச வேண்டியதை அட்வான்ஸ் கட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பஸ் கிளம்பிவிட்டால், டூர்க்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சீட்டையும் ரூமையும் மாற்றித் தருவது அவருக்கே கஷ்டம்.

சிக்கல் தொடங்குவது லிஸ்ட்டில். ஏரியா டூர்க்காரர்கள் எல்லாருடைய ஆதாரையும் வாட்ஸ்அப்பில் வாங்கி, பெயர், வயது, ஆணா பெண்ணா என்று எழுதி, அதை அப்படியே டூர் குரூப்பில் போட்டுவிடுவார்கள். உங்கள் பழைய பெயர் பஸ்ஸில் வரும் அத்தனை பேர் போனுக்கும் போய்விடும். ரூம் பிரிப்பதும் அதே லிஸ்ட்டை வைத்துத்தான். ஆதாரில் ஆண் என்று இருந்தால், முன்பின் தெரியாத ஆண்களோடு ஒரே ரூமில் போட்டுவிடுவார்கள். அதனால் முதலில் போனில் பேசுங்கள், பிறகு அதையே எழுத்தில் அனுப்புங்கள்:

"அண்ணா, நான் திருநங்கை. குரூப்ல போடற லிஸ்ட்ல நான் சொல்ற பேரை மட்டும் போடுங்க. சீட் லேடீஸ் பக்கம், ரூம் லேடீஸ் கூட. ஆதார் காப்பி லாட்ஜுக்கு மட்டும் குடுங்க. சரின்னா ஓகே அனுப்புங்க, அட்வான்ஸ் போட்டுடறேன்."

"அங்க போய் பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் அந்த டூர் வேண்டாம்.

ரூமில் உங்களோடு தங்கப்போகும் பெண்களிடம் டூர்க்காரரே முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் சம்மதத்தை வாங்கிவிடுவது நல்லது. ராத்திரி 10 மணிக்கு லாட்ஜ் வாசலில் பேச்சு வளர்வதை அது தடுக்கும். பஸ் முழுக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கையில் காசு இருந்தால் தனி ரூமுக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாலின மாற்று ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்களுக்குத் தனி ரூம்தான் சரி. டைலேட்டர் (ஆபரேஷனில் அமைத்த உள்பாதை சுருங்காமலிருக்க வைக்கும் கருவி) வைக்கத் தாழ்ப்பாள் போட்ட அறையும் அவசரமில்லாத அரை மணி நேரமும் வேண்டும். 4 பேர் ஒரு பாத்ரூமுக்குக் காத்திருக்கும் ரூமில் அது நடக்காது.

லாட்ஜ் ரிசப்ஷனில் கார்டைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். எல்லாருடைய காப்பியையும் ஒரே கட்டாக டூர்க்காரரே கொடுத்து ரூம் சாவிகளை வாங்கி வரச் சொல்லுங்கள். மாஸ்க் செய்த ஆதார் இதற்கு உதவாது. அதில் மறைவது முதல் 8 எண்கள்தான், பெயரும் பாலினமும் அப்படியே தெரியும். திருநர் அடையாள அட்டை இருந்தால் அதையே கொடுக்கலாம். ரூம் கிடையாது என்று மறுத்தால், தங்குமிடம் மறுப்பதை 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தடை செய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எழும்பூரிலிருந்து கொடைரோடு வரை ரயில் என்றால், டிக்கெட்டில் உள்ள பெயரும் காட்டும் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பான் கார்டு ரயிலில் செல்லும், அதில் பாலினம் அச்சாகியிருக்காது.

கொடைக்கானலுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போக வேண்டும். இதில்தான் நிறைய பேர் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும். தண்ணீரையும் குறைத்தால் மயக்கமும் நீர்க்கடுப்பும் வரும். மோட்டலில் நிறுத்தியதும் முதல் ஆளாக இறங்கி, பக்கத்து சீட் அக்காவோடு சேர்ந்து போய்விடுங்கள். டீ குடித்துவிட்டுப் போனால் வரிசை நீண்டிருக்கும், அத்தனை கண்ணும் உங்கள் மேல் இருக்கும். டீசல் போட நிற்கும் பங்க்கில் பல இடங்களில் ஒற்றைக் கதவு டாய்லெட் இருக்கும், அது இன்னும் வசதி. எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை எடுக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 5 நிமிடம் நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ டூரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடியில் இறுக்கிக் கட்டும் உள்ளாடையை ராத்திரிப் பயணத்தில் போடாதீர்கள். தோல் உரசிப் புண்ணாகிவிடும். தளர்வான சுடிதார் போதும், காலையில் ரூமில் மாற்றிக்கொள்ளலாம். ஷேவிங்கைக் கிளம்பும் அன்று மாலையே வீட்டில் வெந்நீரில் முடித்துவிடுங்கள். மலைக்குளிரில் பச்சைத் தண்ணீரில் ரேசர் வைத்தால் கன்னம் முழுக்கப் பொரிந்துவிடும். தாடி நிழலை மறைக்க கன்சீலருக்கு அடியில் ஆரஞ்சு நிற கரெக்டரை மெல்லியதாகத் தடவுங்கள். மாத்திரைகளை 2 நாளுக்குக் கூடுதலாக எடுத்து, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டிக்கியில் போடும் பெட்டியில் வேண்டாம். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

சீட் நடுவரிசையில் கேளுங்கள். கடைசி வரிசையில்தான் குடியும் ஆட்டமும் நடக்கும். பாட்டுப் போட்டதும் "ஒரு ஆட்டம் போடுங்கக்கா" என்று உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், போன் கேமராவும் தயாராக இருக்கும். ஆட ஆசையிருந்தால் ஆடுங்கள். இல்லையென்றால், "நானும் உங்கள மாதிரி காசு கட்டி சுத்திப் பாக்க வந்திருக்கேன்பா" என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாமல் வீடியோ எடுத்தால் அப்போதே டூர்க்காரரிடம் சொல்லி, கண்ணெதிரில் அழிக்க வையுங்கள். தொந்தரவு கையை மீறினால் 112.

பஸ் புறப்படும் முதல் பாயின்ட்டிலேயே ஏறிவிடுங்கள். மூலக்கடையில் நடுவில் ஏறினால், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். திரும்பி வரும்போது பஸ் பெரும்பாலும் விடியற்காலை 3, 4 மணிக்கு தண்டையார்பேட்டைப் பக்கத்து டோல்கேட்டில் இறக்கிவிடும். மெட்ரோ 5 மணிக்குத்தான் தொடங்கும். அதுவரை பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க முடியுமா என்பதையும் அட்வான்ஸ் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.