வெள்ளிக்கிழமை மாலை 4 மணி

வணக்கம் ஐயா,

என் அம்மாவுக்கு வாய்ப்புற்று முற்றிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதமாக நான் ஒருத்திதான் பார்க்கிறேன். வருகிறவர்களெல்லாம், "ஏதாவது தேவையென்றால் கூச்சப்படாமல் கேளம்மா" என்று சொல்லிப்போகிறார்கள். எனக்குத்தான் கேட்க வாய் வருவதில்லை. இது என் குறையா?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

குறை உங்களுடையதன்று. இரவில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, விடிந்ததும் கஞ்சி காய்ச்ச எழுந்திருக்கும் பெண்ணிடம், என்ன வேண்டுமென்று யோசிப்பதையும், யாரிடம் கேட்பதென்று தேடுவதையும் சேர்த்துச் சுமத்திவிடுகிறது அந்த அன்பான சொல். என் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில், எதிர்வீட்டு அக்கா எதுவும் கேட்கமாட்டார். செவ்வாய்தோறும் வந்து, அழுக்குத் துணிகளை எடுத்துப்போய்த் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைப்பார். செவ்வாய் என்றொரு நாள் இருந்ததே எங்களுக்குப் பெரிய பலம்.

கேரளம் இதை ஓர் ஏற்பாடாகவே வளர்த்தெடுத்தது. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் வலி தணிப்புச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். எழுந்து நடக்க முடியாதவர் அங்கே எப்படி வருவார்? அதனால் பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய அக்கம்பக்கத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, செவிலியரோடு வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008-இல் மாநில அரசே இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய் ஆதரவு சிகிச்சைக்குச் செவிலியர் வீட்டுக்கு வருவதற்கு இடமிருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வலி கடுமையாக இருந்தால் மார்ஃபின் மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். பழக்கமாகிவிடுமோ என்று அஞ்சி, வலியில் துடிப்பவருக்கு அதைக் கொடுக்காமல் விடுவது கொடுமை; மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கலாம்.

அடுத்த முறை யாராவது அதே சொல்லைச் சொன்னால், "வெள்ளிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து 6 மணிவரை அம்மாவோடு உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். நாளும் நேரமும் தெரிந்துவிட்டால், தயங்கி நின்றவர்களில் பலர் வந்துவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ரேஷன் கடைக்கோ வங்கிக்கோ ஓடாதீர்கள். பக்கத்து வீட்டில் பாய் விரித்துத் தூங்குங்கள்.