நாய்க்கு யார் துக்கம் விசாரிப்பது?

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் எங்கள் டைகர் இறந்துவிட்டான். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் 13 வருடம் படுத்துக் கிடந்தவன். கிட்னி போய்விட்டது. ஈப்போ கிளினிக்கில் கடைசி ஊசி போட்டபோது நான் மட்டும்தான் கூட இருந்தேன். வெளியே வந்து, அவன் கழுத்துப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதுவிட்டேன். பூனையோடு வந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு சீனப் பெரியவர் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து, மூடியைத் திறந்து கையில் கொடுத்தார். என் மகன் வரும்வரை இருவரும் போகவில்லை. வீட்டிலோ, ‘ஒரு நாய்க்குப் போய் இப்படியா?’ என்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் எதிரே அப்படி அழுததை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று கிடைத்த ஆறுதல் அப்புறம் கிடைக்கவில்லை.

பெயர் வேண்டாம், அண்ணே.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த மூடியைத் திறந்து கொடுத்த இடத்தில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். அழுகிறவருக்குக் கை நடுங்கும் என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்களும் தோட்டத்துப் பக்கம்தான், உங்களுக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு என்றால் முதல் வேலை சொல்லியனுப்புவது. பக்கத்துத் தோட்டத்துக்கு, டவுனுக்கு ஆள் போகும். சேதி போய்விட்டால், பல வருடம் பேசாத பங்காளிகூட வந்து நிற்பான். சொல்லாத சாவுக்கு யாரும் வரமாட்டார்கள். நாய் செத்தால் நாம் சொல்லியனுப்புவதில்லை. அதற்குப் பந்தல் கிடையாது, 16ஆம் நாள் கிடையாது, வேலையில் லீவு கேட்கவும் வாய் வராது. ஊர் ஒப்புக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கங்களைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அழ உரிமையில்லாதவர்களின் துக்கம் அது.

அன்று அந்தப் பெஞ்சில் உங்கள் அழுகைதான் சேதி சொன்னது. கேட்டவர்கள் வந்துவிட்டார்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

எனக்கு 14 வயதில் எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். டவுனில் அடுக்குமாடி வீடு. நாய் வைத்துக்கொள்ளக் கூடாது. மணியைத் தெரிந்தவர் ஒருவரிடம் விட்டுவிட்டு லோரியில் ஏறினோம். செம்மண் பாதை தார்ச் சாலையில் சேரும் இடம்வரை ஓடிவந்தான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் அழவில்லை. அந்த அழுகை எங்கேயும் போகவில்லை.

பல வருடம் கழித்து, ஒரு மழைநாளில் எங்கள் வெள்ளையன் காரில் அடிபட்டுச் செத்தான். நான் சாலை ஓரத்தில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மோட்டாரில் போன ஒரு மலாய்க்கார இளைஞர் திரும்பி வந்தார். வீடு எது என்று மட்டும் கேட்டார். நான் பின்பக்கம் பிடிக்க, அவர் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினார். ஈரமான நாயைத் தொட்டால் அவர்களுடைய இஸ்லாமிய முறைப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். வெள்ளையனை வாழை மரத்தடியில் வைத்த பிறகு அவர் குழாயடிக்குப் போனார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கரைத்து, முழங்கைவரை பூசி, அப்புறம் நிதானமாகக் கழுவினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. போகும்போது ‘கெசியான்’ என்றார். மலாயில் ‘பாவம்’. அவனைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. அந்த ஒரு சொல்லில் மணிக்கும் சேர்த்து அழுதேன்.

வீட்டு ஆட்களுக்கு டைகர் கடித்த செருப்பு ஞாபகம் இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு ஞாபகம் இருக்கும். நீங்கள் எவ்வளவு அழலாம் என்று ஒரு கணக்கு அவர்களிடம் இருக்கிறது. பெஞ்சில் இருந்தவர்களிடம் அந்தக் கணக்கு இல்லை. வீட்டாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களில் ஒருவராவது விடிகாலையில் வாசலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகிறவராக இருக்கலாம்.

கழுத்துப்பட்டையை அலமாரியில் ஒளிக்க வேண்டாம். வாசல் ஆணியில் மாட்டுங்கள். அதைப் பார்த்து யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

நான் தாமதமாகத்தான் வருகிறேன், ஆனாலும் துக்க வீட்டில் கேட்கிறதைக் கேட்கிறேன் தங்கச்சி: எத்தனை நாள் படுத்திருந்தான்? கடைசியாக என்ன சாப்பிட்டான்?