விடுதி வாசலில் இழுபறி

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்கள் அடங்கிய நூல் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கணிகையரும் நாடக நடிகர்களும்தான். அக்காலத்துச் சாதாரண மக்களின் வாழ்க்கையை அறிய இவற்றை நம்பலாமா?

ச.

அன்புள்ள ச.,

நம்பலாம், ஆனால் எதை நம்புவது என்று பார்க்கவேண்டும். இவை கடைச்சரக்கு. பதிப்பாளர் பணம் போட, ஓவியர் வரைய, ஒருவர் மரத்தில் செதுக்க, இன்னொருவர் அச்செடுக்க, எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) ஏறக்குறைய ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு ஒரு தாள் கிடைத்தது. வாங்கியவர்கள் ஆசைப்பட்ட முகங்கள்தான் அதிகம் விற்றன, அதனால்தான் அத்தனை நடிகர்கள்.

ஓவியர் ஹிரோஷிகேயின் தொகைடோ அச்சோவிய வரிசையைப் பாருங்கள். 1830களில் வந்தது, எடோவிலிருந்து கியோட்டோ செல்லும் தொகைடோ சாலையில் இருந்த 53 தங்கலிடங்களைப் பற்றியது. அதில் கோயு என்ற ஊர். பொழுது சாய்கிறது, விடுதிப் பெண்கள் வழிப்போக்கர்களை மூட்டையோடு பிடித்து உள்ளே இழுக்கிறார்கள், ஒருவருக்குக் கழுத்தே நெரிபடுகிறது! ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர் உட்கார்ந்து வைக்கோல் செருப்பைக் கழற்ற, கிழவி ஒருத்தி கால் கழுவத் தொட்டி கொண்டுவருகிறாள். விடுதிச் சுவரில் தொங்கும் பலகைகளில் அந்தப் படத்தைச் செதுக்கியவர், அச்செடுத்தவர் பெயர்கள்கூட இருக்கின்றன. எனக்கு மிகப் பிடித்த இடம் அது. மரிகோ படத்தில் இரண்டு பயணிகள் கிழங்குக் கூழ் சாப்பிடுகிறார்கள். பரிமாறும் பெண்ணின் முதுகில் குழந்தை.

உதாமாரோ என்ற ஓவியர் 1790களில் வரைந்த சமையலறைப் படமும் இருக்கிறது. ஒருத்தி ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறாள், ஒருத்தி காய் சீவுகிறாள், அவள்மேல் தொற்றிக்கொண்டு ஒரு குழந்தை. ஆனால் எல்லோரும் அழகிகள், கொண்டை கலையவில்லை, புகையடிக்கும் இடத்தில் அப்படி ஓர் உடை! முகத்தையும் உடையையும் விட்டுவிடுங்கள். ஊதுகுழலை நம்புங்கள், காய் சீவும் கையை நம்புங்கள். வாங்குபவரை மயக்க அழகு தேவைப்பட்டது, பாத்திரங்களை மாற்றி வரைய யாருக்கும் காரணம் இல்லை.

அப்புறம் நீங்கள் சொன்ன கணிகையர். எடோவின் கணிகையர் குடியிருப்பான யோஷிவாராவுக்குப் பல சிறுமிகள் வறுமையால் விற்கப்பட்டு வந்தார்கள், கடன் தீரும்வரை வெளியேற முடியாது. படங்கள் காட்டுவது பட்டாடையை. அவர்களை அறியவேண்டுமென்றால் இந்த ஓவியங்களிலிருந்து தொடங்காதீர்கள், அங்கே இறந்தவர்கள் பலர் அடக்கம் செய்யப்பட்ட ஜோகன்ஜி கோயிலின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்.